உருவிலாச் சொத்தும் பாட்டின் உடைமையும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்துப் படித்தால், பரப்பும் குழியும் நாற்றிசை எல்லையும் கூறி முடிந்த பின்னர் ஒரு சிறு வாசகம் வந்து நிற்பதைக் காணலாம். இக்காணிக்கு அயலிலுள்ள இன்ன கிணற்றிலே பங்கு உண்டு, அங்கே செல்வதற்கு வழியும் நீர் பாய்வதற்கு வாய்க்காலும் உண்டு என்பதே அவ்வாசகம். நிலத்தை மிதித்துப் பார்க்கலாம். வேலியைத் தொட்டுப் பார்க்கலாம். கிணற்றுப் பங்கை எங்ஙனம் தொடுவது? இறைக்காத நாளிலே அப்பங்கு எங்கே இருக்கிறது? ஆயினும் அது விற்கப்படுகிறது, சீதனமாகக் கொடுக்கப்படுகிறது, பங்காளிகள் அதற்காக நீதிமன்றப் படிகளைத் தேய்க்கிறார்கள். ஒற்றியும் இத்தகையதே. கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை அனுபவிக்கிறான். மண் ஒருவனுடையது, மண்ணின் பலன் மற்றொருவனுடையது. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவிலே தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றிக்கு உரிய இடம் உண்டு. எனவே, உருவமற்ற சொத்து என்பது நேற்று மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. எமது பாட்டன்மார் அதனை வாங்கியும் விற்றும் வழக்காடியும் வந்திருக்கின்றனர்.

இவ்வுண்மையை முதற்கண் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 'புலமைச் சொத்து' என்ற சொல் இன்று கல்லூரி மாணவர் வாயிலும் வழங்குகிறது. பதிப்புரிமை, வியாபாரக் குறி, கண்டுபிடிப்பாளர் உரிமை ஆகியவற்றையெல்லாம் அச்சொல் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அம்மூட்டையைக் கண்டு மிரள்பவரும் உளர். அதனைத் தெய்வ சந்நிதியெனக் கும்பிடுபவரும் உளர். சட்ட நூல்களின் முன்னுரைகளோ, படைப்பாளியின் மூளையில் உதித்தது அவனுக்கே சொந்தமென்பது இயற்கை நீதி என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே நடந்துவிடுகின்றன. அவ்வாறு நடந்துவிட நாம் ஆயத்தமாக இல்லை. இலக்கியத்தைச் சமுதாயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமென்று கூறுபவர்கள், இலக்கியத்தை உடைமையாக்கும் சட்டத்தையும் அவ்வாறே பார்த்தாக வேண்டும்.

உரோமச் சட்ட அறிஞரான காயசு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே பொருள்களை இரண்டாகப் பகுத்தார். தொடக்கூடியவை ஒரு வகை. தொடமுடியாது, சட்டத்தில் மாத்திரம் நிலைபெற்றிருப்பவை மற்றொரு வகை. மரபுரிமை, பிறர் நிலத்தின் பலனை அனுபவிக்கும் உரிமை, கடன் முதலிய கடப்பாடுகள் என்பன இரண்டாம் வகைக்கு அவர் காட்டிய உதாரணங்கள். உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக இப்பகுப்பு எமது நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. பகுப்பு வசதியானதுதான். எனினும் அதில் ஒரு மயக்கம் உள்ளது. தொடக்கூடிய சொத்தும் உண்மையில் தொடக்கூடியதன்று. காணியைத் தொடலாம், காணியின் மீதான உரிமையைத் தொட முடியுமா? அமெரிக்கச் சட்டவியலாளர் ஹோஃபெல்ட் 1913இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று இவ்விடயத்தைத் தெளிவாக்க உதவியது. உரிமையென்பது மனிதனுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவன்று; மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள உறவு. ஒருவனுக்கு உரிமை என்றால் மற்றொருவனுக்குக் கடமை என்பது கருத்து. 'இக்கிணறு என்னுடையது' என்ற வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால், 'நீ இதிலே அள்ளாதே' என்பதே அதன் உட்பொருளாக எஞ்சும். கிணற்றடியில் தோண்டியோடு காத்து நின்று, உரிமையுள்ள சாதியார் வார்த்துவிட்டதை வாங்கிச் சென்ற மக்களுக்கு இந்த உட்பொருளை விளக்க எந்தச் சட்டவியலாளரும் தேவைப்பட்டதில்லை.

ஆனால் கிணற்றுப் பங்குக்கும் பாட்டின் பதிப்புரிமைக்கும் இடையே ஒரு பெரு வேறுபாடு உண்டு. கிணற்றிலே நீர் குறைவு. கோடையில் ஒருவன் அதிகம் இறைத்தால் மற்றவன் தோட்டம் வாடும். ஆகவே முறை வகுக்க வேண்டியுள்ளது. பாட்டு அப்படியன்று. ஒருவன் பாடுவதால் மற்றவனுக்கு அது குறைந்து போவதில்லை. பாடப் பாடப் பெருகுவது அதன் இயல்பு. குறையாத பொருளுக்குச் சந்தையில் விலை இராது. விலை வேண்டுமாயின் குறைவை உண்டாக்க வேண்டும். அக்குறைவைச் சட்டம் உண்டாக்கிக் கொடுக்கிறது. பதிப்புரிமையின் சாரம் இதுதான். இவ்வாறு உண்டாக்குவது எப்போதும் அநீதி என்று நாம் கூற வரவில்லை. எழுதுபவனும் சோறு உண்ண வேண்டும். எனினும், இது இயற்கை நீதி என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, யாருக்காக, எவ்வளவு காலத்துக்கு, எவரை விலக்கி இக்குறைவு உண்டாக்கப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் கேட்பது எமது பொறுப்பாகும்.

இச்சட்டம் பிறந்த கதையே அக்கேள்விக்குப் பாதி விடை தருகிறது. இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்தில், 1710இல், நூலாசிரியருக்குப் பதினான்கு ஆண்டு உரிமையும், அவர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டும் வழங்கும் சட்டம் வந்தது. முகப்பிலே ஆசிரியர் நின்றார். பின்னாலே நின்று தள்ளியவர்கள் இலண்டன் புத்தக வியாபாரிகள். அவர்களுடைய பழைய அச்சுத் தனியுரிமை காலாவதியாகிப்போக, ஆசிரியர் பெயரால் புதியதொன்றை வேண்டினர். தவணை முடிந்ததும் அவர்களுடைய உண்மையான விருப்பம் வெளிவந்தது. இவ்வுரிமை காலவரையற்றது, பொதுச் சட்டப்படி என்றென்றைக்குமானது என்று வாதாடினர். 1769இல் அவ்வாதம் வென்றது. 1774இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. அவ்வழக்கில் நின்ற நூல் ஜேம்ஸ் தொம்சன் என்ற கவிஞர் பருவங்களைப் பற்றிப் பாடியது. எதிர்த்து நின்றவர் மலிவுப் பதிப்பு விற்ற எடின்பரோ வியாபாரியான டொனால்ட்சன். கவிஞரோ 1748இலேயே இறந்து போனவர். இறந்து இருபத்தாறு ஆண்டு கடந்த ஒருவருடைய மூளை உழைப்பின் பெயரால் இரு வியாபாரிகள் மோதிக்கொண்டனர் என்பதை இயற்கை நீதி பேசுவோர் நினைவிற்கொள்வது நன்று.

இனி எமது மொழியின் கவிஞனுக்கு வருவோம். இவ்விடயத்தில் பாரதியின் கதையைப் போல் பாடம் நிறைந்தது வேறொன்றில்லை. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அதனை ஆவணங்களின் துணையோடு 2015இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அதன் முழு விவரத்தையும் ஈண்டு திரும்பச் சொல்லப் புகவில்லை. எமது கேள்விக்கு வேண்டிய அளவை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

பாரதி தன் பாட்டு எங்கும் பரவ வேண்டும் என்று விரும்பியவன். 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவனுடைய பாடல்கள் சிலவற்றை அச்சிட்டு இலவசமாகவே வழங்கினார். அரசியலில் மிதவாதியான அவர், தீவிரவாதியான பாரதியின் பாட்டிலே மனம் பறிகொடுத்துச் செய்த காரியம் அது. பின்னர் 1920இல், எட்டயபுரத்திலிருந்து, தன் எழுத்துக்களை நாற்பது நூல்களாக, நூலொன்றுக்குப் பத்தாயிரம் பிரதியாக வெளியிடப் பாரதி திட்டமிட்டு, நண்பரிடம் கடனுதவி கோரினான். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன் நூல்கள் சாதாரண மக்களிடையே சாதாரணமாக விலைப்பட வேண்டுமென்பது அவன் கனவு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவன் இலவசமாகக் கொடுக்க நினைக்கவில்லை. விற்கவே நினைத்தான், வருமானத்தையும் எதிர்பார்த்தான். ஆனால் மலிவாக, பெருந்தொகையாக விற்க நினைத்தான். படைப்பாளியின் நலனும் மக்களின் நலனும் ஒன்றோடொன்று முரணாத வழியொன்றை அவன் கண்டிருந்தான் எனலாம். முதல் கிடைக்கவில்லை. 1921 செப்டெம்பரில் அவன் இறந்தான்.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றைப் பார்க்கும்போது, உருவிலாச் சொத்து என்பது எத்தனை துண்டுகளாகக் கூறுபோடத்தக்கது என்பது தெளிவாகும். மனைவி செல்லம்மா முதலில் தாமே வெளியிட முயன்றார். பின்னர் பதிப்புரிமை, பாரதியின் மாற்றாந்தாய் மகனான தம்பி சி. விசுவநாதனும் உறவினரும் சேர்ந்து நடத்திய பாரதி பிரசுராலயத்துக்குச் சென்றது. நாளடைவில் விசுவநாதனிடமே நிலைத்தது. அச்சிடும் உரிமை ஒருபுறமிருக்க, இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் பாடலைப் பயன்படுத்தும் உரிமை தனியே பிரிந்து ஜெய்சிங்லால் மேத்தா என்னும் வணிகர் கைக்குப் போயிற்று. 1940களில் அது படமுதலாளி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947இல் வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. ஒரே பாட்டு, ஆனால் அச்சாக ஒருவருக்கும் ஒலியாக மற்றொருவருக்கும் சொந்தம். காணியில் மண் ஒருவனுக்கும் பனை ஒருவனுக்கும் உரித்தாக இருப்பதை அறிந்த எமக்கு இது புதிதன்று. பனையை நட்டவனின் குடும்பம் மாத்திரம் இக்கணக்கில் எங்கும் காணப்படவில்லை.

இங்கே சட்டத்தின் உள்ளமைப்புப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். அக்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் நடைமுறையிலிருந்தது பிரித்தானியப் பேரரசின் 1911ஆம் ஆண்டுச் சட்டமாகும். இந்தியாவில் அது 1914ஆம் ஆண்டுச் சட்டமாகச் சில மாற்றங்களோடு வந்தது. ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டுவரை உரிமை நீடிக்கும் என்பது அதன் பொது விதி. அதன்படி பாரதி பாடல்கள் 1971வரை தனியுடைமையாக இருந்திருக்க வேண்டும். அச்சட்டத்தில் இரக்கமுள்ள ஒரு ஏற்பாடும் இருந்தது. ஆசிரியர் வறுமையால் தம் வாழ்நாளில் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டின் பின்னர் அது அவருடைய வாரிசுகளுக்கே திரும்பும். கவிஞனின் ஊதாரித்தனம் அவன் குடும்பத்தைப் பட்டினி போடக்கூடாது என்று சட்டம் இயற்றியோர் எண்ணினர் போலும். ஆனால் பாரதி விஷயத்தில் உரிமையை விற்றவன் கவிஞன் அல்லன், அவனுடைய விதவை. கவிஞன் விற்றால் திரும்பும். விதவை விற்றால் திரும்பாது. வறுமை இருவருக்கும் ஒன்றே. சட்டத்தின் இரக்கமோ ஒருவரோடு நின்றுவிட்டது. உருவிலா உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் படைப்பின் இயல்பு தீர்மானிப்பதில்லை, ஒரு வாசகத்தின் அமைப்பே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மோதல் 1948இல் வெடித்தது. 'பில்ஹணன்' படத்தில் ரி. கே. சண்முகம் சகோதரர்கள் பாரதி பாடலொன்றைப் பயன்படுத்த, மெய்யப்பச் செட்டியார் தரப்பு வழக்கில் இறங்கியது. நாடக மேடையிலும் பிரசார மேடையிலும் பாரதியைப் பாடி வளர்ந்த கலைஞர்கள், அவன் பாட்டைப் பாட அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை ஏற்கவில்லை. வ. ரா., நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளரும், ஜீவானந்தம் போன்ற இயக்கத்தவரும் குரல் கொடுத்தனர். அரசாங்கம் இணங்கியது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த 1949இல் சென்னை அரசு உரிமைகளை ஏற்றது. விசுவநாதனுக்குப் பதினையாயிரம் ரூபாவும், செல்லம்மாவுக்கும் இரு பெண்மக்களுக்கும் ஐயாயிரம் வீதமும் வழங்கப்பட்டன. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாது விட்டுக்கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் பாடல்கள் எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இது மாபெரும் வெற்றி. அதைக் குறைத்துக் கூறுபவர் எவராயினும் அவரோடு நாம் உடன்படோம். வங்கக் கவி தாகூரின் நிலையோடு ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும். 1941இல் மறைந்த அவருடைய படைப்புகளின் உரிமை, அவர் நிறுவிய விசுவபாரதியிடம் இருந்தது. 1991 இறுதியோடு அது முடிய வேண்டிய வேளையில், இந்திய அரசு சட்டத்தையே திருத்தி ஐம்பதாண்டை அறுபதாண்டாக்கியது. 2001 முடியும்வரை வங்க மக்கள் காத்திருந்தனர். ஒரு கவிஞனைக் காத்துவைக்க ஒரு நாட்டின் எழுத்தாளர் அனைவருடைய உரிமைக் காலமும் நீட்டப்பட்டது. மற்றொரு கவிஞனைக் கொடுத்துவிட அரசு பணம் செலுத்தியது. காத்துவைத்தவர்கள் தாகூரின் மூலபாடத்தைப் பேணவே அவ்வாறு செய்தோம் என்பர். அவ்வாதத்தை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. நாட்டுடைமையான பின்னர் வெளிவந்த பாரதி மலிவுப் பதிப்புகள் பலவற்றில் எழுத்துப் பிழையும் வரிப் பிழையும் மலிந்து கிடந்ததை எந்தத் தமிழாசிரியரும் அறிவார். சீனி. விசுவநாதன் போன்ற தனி மனிதர் தம் ஆயுளைச் செலவிட்டுக் காலவரிசைப்படி பாடங்களைத் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. பாட்டை விடுவித்த அரசு, பாடத்தைப் பேணும் பொறுப்பை அதே வேகத்தில் ஏற்கவில்லை. எனினும், பிழையான பதிப்பைத் திருத்தலாம். பூட்டப்பட்ட பதிப்பை ஏழை மாணவன் வாங்க இயலாது. இரண்டில் ஒன்றைத் தெரிவதாயின் நாம் தெரிவது எது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்வெற்றியைப் பற்றி எமது முற்போக்கு வட்டாரத்திலே வழங்கும் பேச்சு ஒன்றை விமர்சிக்காமல் விட இயலாது. 'நாட்டுடைமை' என்ற சொல்லைக் கேட்டதும், சுரங்கத்தையும் புகைவண்டியையும் அரசு எடுத்துக்கொண்டது போன்ற சோசலிச நடவடிக்கை என்று சிலர் பூரிக்கின்றனர். நிகழ்ந்தது அதுவன்று. சுரங்கத்தை எடுத்த அரசு அதனைத் தானே வைத்திருக்கும். பாட்டை எடுத்த அரசு அதனை எவருக்கும் சொந்தமற்றதாக விட்டுவிட்டது. ஒரு சொத்து வேறொரு கைக்கு மாறவில்லை, சொத்தாக இருப்பதே ஒழிந்தது. நாட்டுடைமை என்பதைவிட உடைமை நீக்கம் என்பதே பொருத்தமான பெயர். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தமிழ்நாட்டு அரசுகள் பின்னாளில் பாரதிதாசன் முதலாக நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளருக்கு இம்முறையை விரித்தபோது, அது படிப்படியாக ஒரு விருது போல ஆகிவிட்டது. மேடை, பொன்னாடை, வாரிசுக்குக் காசோலை. எந்தப் பூட்டை எதற்காக உடைக்கிறோம் என்ற கேள்வி அங்கே மங்கிப் போயிற்று. தேவையின் பேரில் மக்கள் எழுப்பிய கோரிக்கையும், தயவின் பேரில் அரசு வழங்கும் பரிசும் ஒன்றாகா.

மற்றொரு மயக்கமும் உண்டு. பதிப்புரிமை முதலாளித்துவத்தின் கண்டுபிடிப்பு, அதற்கு முன்னர் தமிழர் சமுதாயத்தில் புலமை பொதுவாக இருந்தது என்பது அது. கேட்க இனிமையான பொய். ஏடு பொதுவாக இருந்ததில்லை. எழுத்தறிவு சாதியின் வேலிக்குள் இருந்தது. மடத்திலும் வித்துவான் வீட்டிலும் கட்டிவைத்த ஏடுகள், உரியவரென்று கருதப்பட்டவருக்கே அவிழ்க்கப்பட்டன. சட்டம் தேவைப்படவில்லை, ஏனெனில் வேலி அதைவிடப் பலமாயிருந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியபோது, ஏடு தேடி அலைந்து பட்ட துன்பத்தைத் தம் பதிப்புரைகளிலே கூறியிருக்கிறார். அச்சு வந்த பின்னரே, காசு கொடுத்தால் எவரும் வாங்கலாம் என்ற நிலை தோன்றியது. காசு என்ற வேலி கொடியதே. ஆனால் பிறப்பு என்ற வேலியைப் போலன்றி, அது எட்டிப் பார்க்கக்கூடிய வேலி. பழமையைப் புகழ்ந்து புதுமையைச் சாடும் வழி எமது வழியன்று.

இதுவரை பேசியது பெயர் தெரிந்த கவிஞனைப் பற்றி. பெயர் தெரியாத கவிஞரின் கதை இதனினும் கசப்பானது. எமது நாட்டிலே இக்கேள்வி மிகக் கூர்மையாக எழ வேண்டிய இடம் அதுவே. எழாதிருக்கும் இடமும் அதுவே.

கோப்பிக் காலம் தொடங்கித் தேயிலைக் காலம்வரை மலையகத் தோட்டங்களிலே பிறந்த பாடல்கள் எண்ணற்றவை. கங்காணியின் ஆசைவார்த்தை, வழி நடையில் மாண்டவர், கொழுந்து நிறுக்கும் தராசின் களவு, துரைமாரின் சப்பாத்து, லயத்துக் காம்பராவின் இருட்டு ஆகிய யாவும் அப்பாடல்களில் உண்டு. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள், பெரும்பாலும் பெண்கள், இயற்றியவை அவை. ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைக் கேட்டு எழுதித் தொகுத்தமையாலே அவற்றுள் ஒரு பகுதி எமக்குக் கிடைத்தது. பதிப்புரிமைச் சட்டம் இதனை எப்படிப் பார்க்கிறது? பாடலுக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் உரிமையும் இல்லை. தொகுத்தவனுக்குத் தொகுப்பில் உரிமை உண்டு. ஒலிப்பதிவு செய்தவனுக்கு ஒலிப்பதிவில் உரிமை உண்டு. மெட்டைச் சிறிது மாற்றிப் படத்தில் சேர்த்த இசையமைப்பாளனுக்கு அந்த மாற்றத்தில் உரிமை உண்டு. முதன்முதல் பாடியவளைத் தவிர அனைவருக்கும் ஏதோவொன்று உண்டு. ரைன் மாகாணச் சபை, காட்டிலே உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்கும் ஏழைகளின் வழமையைக் களவு என்று சட்டமாக்கப் புகுந்ததைப் பற்றி, இளைஞரான மார்க்ஸ் 1842இல் பத்திரிகையிலே எழுதிய கட்டுரைகளை மாணவர் இவ்விடத்தில் படிப்பது பயன்தரும். அங்கே மக்கள் பொறுக்கியது களவாயிற்று. இங்கே மக்களிடம் பொறுக்கியது உடைமையாகிறது.

இலங்கைச் சட்டம் இக்குறையை அறியாமல் இல்லை. அறிந்திருக்கிறது என்பதே விசேஷம். 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவை, நாட்டார் படைப்புகளுக்குக் காலவரையற்ற பாதுகாப்பு அளித்தது. அவ்வுரிமையைச் செலுத்தும் அதிகாரத்தைப் பண்பாட்டுக்குப் பொறுப்பான அமைச்சரிடம் ஒப்படைத்தது. அதற்குப் பதிலாக வந்த 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் அவ்வழியே செல்கிறது. தனி ஆசிரியர் விஷயத்தில் உரிமைக் காலத்தை இறப்பின் பின் எழுபதாண்டாக நீட்டிய அதே சட்டம், நாட்டார் வெளிப்பாடுகளை வியாபார நோக்கோடோ அவற்றின் வழமையான சூழலுக்குப் புறம்பாகவோ பயன்படுத்துவதற்கு அனுமதி வேண்டும் என்கிறது. அனுமதி கொடுப்பது அமைச்சர் குறிக்கும் அதிகாரி. பெறப்படும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்கு. வாசகத்தை மேலோட்டமாகப் படிப்பவர், ஆகா, மக்கள் பாடல் மக்களுக்கே என்று மகிழ்வர். மறுமுறை படிக்கையில் மக்களைக் காணோம். மக்கள் இருக்க வேண்டிய இடத்தில் அமைச்சர் இருக்கிறார்.

எந்த அரசின் அமைச்சர் என்றும் கேட்க வேண்டும். 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து வேலுப்பிள்ளை பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால், அவரை அனுப்பிய மக்களிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். வாக்குரிமையும் பின்னர் பறிபோயிற்று. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டது. பாடியவர்களிற் பலர் தலைமன்னாரில் கப்பலேறினர். இந்நிலையில்தான் 1979இன் கோவை, அம்மக்களின் பாட்டுக்கு அரசைக் காவலாக வைத்தது. பாடியவள் இந்நாட்டுப் பிரசை அல்லள். அவளுடைய பாட்டு மாத்திரம் இந்நாட்டின் கலைச் செல்வம்! இன்னுமொரு விந்தை. எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டமும் 2003ஆம் ஆண்டைச் சேர்ந்ததே. அதன் இலக்கம் 35. பாடல்களைக் காக்கும் சட்டத்தின் இலக்கம் 36. பாடியவர்க்கு நாடு கிடைத்ததும் பாட்டுக்குப் புதிய பூட்டுக் கிடைத்ததும் சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்த ஏடுகள். இவ்விரு சட்டங்களையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் எமது சட்டக் கல்வியில் இல்லை.

இவ்வாறு கூறுவதால், நாட்டார் பாடலை எவனும் எடுத்து எதுவும் செய்யலாம் என்று நாம் வாதிக்கிறோம் எனக் கொள்ளற்க. பாரதி விஷயத்தில் பூட்டை உடை என்றவர்கள் இங்கே பூட்டுப் போடு என்கிறார்களே, இது முரண்பாடல்லவா என்று நண்பரொருவர் கேட்டார். முரண்பாடு இல்லை. முன்னே சொன்னபடி உரிமையென்பது மனிதருக்கிடையிலான உறவு. பொருளைப் பார்த்து முடிவு செய்வோர்க்கு இரண்டும் பாட்டு. உறவைப் பார்ப்போர்க்கு, முன்னதில் மக்களை விலக்க முதல் முயன்றது. பின்னதில் மக்களிடமிருந்து எடுத்ததை மக்களுக்குத் தெரியாமல் முதல் விற்கிறது. ஆஸ்திரிய அறிஞர் ரென்னர், சட்டத்தின் வாசகம் மாறாமலிருக்க அதன் சமுதாயப் பணி முற்றாக மாறிவிடக்கூடும் என்று 1904இல் எழுதினார். கைத்தொழிலாளியின் கருவிமேல் இருந்த உடைமையும் ஆலை முதலாளியின் யந்திரத்தின்மேல் உள்ள உடைமையும் வாசகத்தில் ஒன்று, பணியில் நேர்மாறு. எழுத்தாளன் கையிலிருக்கும் பதிப்புரிமையும் கம்பனி கையிலிருக்கும் பதிப்புரிமையும் அத்தகையனவே. முன்னையது கூலி, பின்னையது இலாபம்.

எமது நாட்டில் வாழும் எழுத்தாளனின் நிலையை எண்ணும்போது இவ்வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. மனைவியின் நகையை அடகுவைத்து முந்நூறு பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழாவில் நண்பர்களுக்குக் கையளித்து, மிச்சத்தைக் கட்டிலின் கீழ் அடுக்கி வைப்பவனுக்குப் பதிப்புரிமை என்ன பயன் தரும்? இறந்து எழுபதாண்டு என்று கேட்டால் அவன் சிரிப்பான். அவனுக்கு வேண்டியது இறந்தபின் நீளும் காலமன்று. இருக்கும்போது வாங்கும் நூலகமும், அவன் கதையைப் பாடப் புத்தகத்தில் சேர்ப்பவர் அவனைக் கேட்டுச் சேர்க்கும் நாணயமுமேயாம். நீண்ட காலவரையறை யாருக்கு உதவும் என்பதற்கு விடை, பழைய பாட்டுப் பெட்டகங்களை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் இசைக் கம்பனிகளின் கணக்குப் புத்தகத்தில் உண்டு.

மலையகப் பாடல் பற்றி உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. தோட்டங்களுக்குச் சென்று பாடல் சேகரிக்கும் ஆசிரியரும் மாணவரும் பாடலின் கீழே தம் பெயரை எழுதுவதற்கு முன், பாடியவருக்கு விருப்பமாயின் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதட்டும். பதிந்ததன் பிரதியொன்றை அந்த லயத்துக்கே திருப்பிக் கொடுக்கட்டும். படத்துக்கோ இசைத்தட்டுக்கோ அது போகுமாயின் முதலில் யாரிடம் கேட்பது என்பதை அவர்களோடிருந்தே முடிவு செய்யட்டும். 24ஆம் பிரிவின்கீழ் அதிகாரியைக் குறிக்கும் பொறுப்பு அமைச்சருடையது. அந்த அதிகாரியின் பக்கத்தில் பாடுவோரின் பிரதிநிதியும் அமர வேண்டும் என்ற ஒரு வரியை அப்பிரிவில் சேர்க்கும்படி தொழிற்சங்கங்கள் கேட்கலாம். சம்பளப் பேச்சு வார்த்தையின் நிகழ்ச்சி நிரலில் பாட்டுக்கு இடமில்லை என்று தலைவர்கள் சொல்லக்கூடும். கொழுந்தின் நிறையைப் பற்றி முதன்முதல் முறையிட்டது அந்தப் பாட்டுத்தான் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.